ஒரே தட்டு, பல காடுகள்: வார்கேம் மேசைக்கு மலிவான மரங்கள்

சின்ன வீரர் பொம்மைகளை (மினியேச்சர்) நகர்த்திப் போர் ஆடும் வார்கேம் மேசையில் நிற்கும் மாதிரி மரத்தின் மேல் ஓர் ஆட்டத்துக்குள் எத்தனையோ முறை கை படும். சட்டைக் கை தட்டும், இஞ்ச் டேப் உரசும், பட்டாளத்தை உள்ளே நகர்த்த மரத்தையே எடுத்து ஓரமாக வைக்க வேண்டிவரும். ரயில் மாடல் செய்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை ஒட்டிவிட்டால் அவர்கள் மரத்தை யாரும் தொடப்போவதில்லை. அவர்களுக்கான செய்முறையை அப்படியே எடுத்துக்கொண்டு வார்கேமுக்கு மரம் செய்தால் நாலைந்து ஆட்டத்துக்குள் பாதி இலை மேசையில் கொட்டிக் கிடக்கும். விலைக்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் மரங்களிலும் பல அந்த ரயில் மேசையை மனதில் வைத்துச் செய்தவைதான். தண்டு மெலிசு, அடிப்பாகம் சிறிது, நிறமோ கண்ணைக் குத்தும் பச்சை.

கீழே சொல்லும் முறைக்கு அச்சாணி ஒரு வாஷர். எந்த வகை மரமானாலும் அதன் அடியில் ஒரே அளவு இரும்பு வாஷர். காடு என்று குறிக்க மேசையில் வைக்கும் தட்டில், அந்த வாஷரைப் பிடிக்கும் காந்தம். இதை முதலிலேயே முடிவுசெய்துவிட்டால், இன்று பிரான்சின் நார்மண்டி ஆப்பிள் தோப்பாக இருக்கும் தட்டு நாளை பெல்ஜியத்தின் ஆர்டென் ஊசியிலைக் காடாகும், அடுத்த வாரம் மலாயாத் தென்னந்தோப்பாகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக டெரெய்ன் (மேசைக்கான நிலக்காட்சி) செய்யவேண்டிய செலவு அங்கேயே மிச்சம்.

எவ்வளவு உயரம்?

28 மி.மீ. மினியேச்சர் (வீரனின் உயரத்தை வைத்துச் சொல்லும் அளவு) என்பது தோராயமாக 1:56, அதாவது நிஜத்தில் ஐம்பத்தாறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் 20 மீட்டர் ஓக் மரம் 36 செ.மீ. வரும். அப்படி ஒன்றை மேசையில் வைத்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது, கை நுழையாது, பெட்டியில் அடங்காது. 13 முதல் 16 செ.மீ. போதும். நிஜத்தில் அது ஏழு முதல் ஒன்பது மீட்டர் மரம்தான், ஆனால் பக்கத்தில் 3 செ.மீ. வீரன் நிற்கும்போது கண் அதைப் பெரிய மரமாகவே ஏற்றுக்கொள்கிறது. 15 மி.மீ. மினியேச்சர் ஆடுபவர்களுக்கு 8 முதல் 11 செ.மீ. சரி. 10, 11 செ.மீ.யில் சில மரங்கள் செய்துவைத்தால் 28 மி.மீ. மேசையில் இளமரமாகவும் 15 மி.மீ. மேசையில் நெடுமரமாகவும் இரண்டுக்கும் ஓடும்.

உயரத்தைவிட முக்கியமான அளவு ஒன்று உண்டு: தரைக்கும் முதல் கிளைக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஷெர்மன் டாங்கியின் உயரம் சுமார் 2.74 மீட்டர், 1:56 அளவில் 49 மி.மீ. ஆகவே முதல் கிளை 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் டாங்கி, ஈட்டி பிடித்த வீரன், கொடி தூக்கியவன், உங்கள் விரல்கள் எல்லாமே அடியில் போகும். கிளை தாழ்ந்த மரம் பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும் ஆட்டத்துக்கு இடைஞ்சல்தான்.

கம்பிக்கூடு

கம்பி கட்டுபவர்கள் பயன்படுத்தும் சாதாரணக் கட்டுக்கம்பியே இதற்குப் போதும். ஹார்டுவேர் கடையில் 20 கேஜ் கேளுங்கள், ஏறக்குறைய 0.9 மி.மீ. தடிமன். 18 கேஜ் (1.2 மி.மீ.) தண்டுக்கு நன்றாக இருந்தாலும் கிளை நுனி முரட்டுத்தனமாகத் தெரியும், விரலும் நோகும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி சீக்கிரம் துருப்பிடிக்காது, ஆனால் விறைப்பு அதிகம். முறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் திரும்பிவரும். 15 மி.மீ. மரங்களுக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய 1.5 சதுர மி.மீ. வயரை உரித்துச் செப்பு இழைகளை எடுத்துக்கொள்ளலாம். இழை ஒவ்வொன்றும் 0.3 மி.மீ., சின்ன மரத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருக்கும்.

28 மி.மீ. மேசைக்கான ஒரு மரத்துக்கு 24 கம்பிகள்: 16 செ.மீ.யில் 10, 20 செ.மீ.யில் 14. ஒரு மரத்துக்குச் சுமார் 4.4 மீட்டர், எடையில் 23 கிராம். அதாவது ஒரு கிலோ கம்பியில் 40 மரம். வெட்டும்போது துண்டு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லையென்றால் ஒரு துணிக்குள் வைத்து வெட்டுங்கள்.

நீளக் கம்பிகளை நடுவிலும் குட்டைக் கம்பிகளை வெளிச்சுற்றிலும் வைத்து, அடிமுனையை மேசையில் தட்டிச் சமமாக்குங்கள். அடியிலிருந்து 3 செ.மீ. வேருக்கு. அந்த இடத்தில் மாஸ்க்கிங் டேப் இரண்டு சுற்று. டேப்புக்குக் கீழே கட்டிங் பிளேயரால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேல்பகுதியைக் கையால் மூன்று நான்கு முறை முழுச்சுற்றாக முறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் தண்டு ஸ்குரூ மாதிரி வரிவரியாகத் தெரியும். பட்டை பூசினாலும் அந்த வரி மறையாது.

டேப்பிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் வெளிச்சுற்றிலிருந்து 5 குட்டைக் கம்பிகளை ஒரு பக்கமாகப் பிரித்துவிடுங்கள். முதல் கிளை அது. மீதியை இன்னும் 1.5 செ.மீ. முறுக்கிவிட்டு அடுத்த 5 குட்டைக் கம்பிகளை வேறு திசையில் பிரியுங்கள். இரண்டும் நேர் எதிரெதிராக வந்தால் சிலுவை மாதிரி ஆகிவிடும், கொஞ்சம் கோணல் வேண்டும். மறுபடி 1.5 செ.மீ. முறுக்கி, நீளக் கம்பிகளில் 5. மிச்சமுள்ள 9 கம்பிகள் 5, 4 என்று இரண்டாகப் பிரிந்து உச்சிக் கிளைகளாகும். ஒவ்வொரு கிளையையும் 2 செ.மீ. முறுக்கி, 3, 2 என்று பிரித்து, ஒரு செ.மீ. முறுக்கி நுனிகளை விரித்துவிடுங்கள். நுனிகள் ஒரே நீளத்தில் இருந்தால் துடைப்பம் மாதிரித் தெரியும், ஏறுமாறாக வெட்டிவிடுங்கள். வெட்டிய துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள், புதர் செய்ய ஆகும்.

கம்பி முறையில் தண்டு தானாகவே மேலே போகப்போக மெலியும். ஒரு கிளை பிரிந்தால் அத்தனை கம்பி தண்டில் குறைகிறது அல்லவா? எந்த உயரத்தில் கிளைகளை எல்லாம் சேர்த்துப் பிடித்தாலும் அடித்தண்டின் பருமன் வரும் என்று லியொனார்டோ டா வின்ச்சி எழுதிவைத்த விதி இங்கே நீங்கள் கணக்குப் போடாமலே நிறைவேறிவிடுகிறது. ஒற்றைக் குச்சியில் கிளைகளை ஒட்டிச் செய்யும் மரங்கள் செயற்கையாகத் தெரிவதற்குக் காரணமே இது இல்லாததுதான்.

காய்ந்த செடித்தண்டு, வேர், துளசிக் குச்சி வைத்தும் மரம் செய்யலாமே என்று கேட்பார்கள். உருவம் அருமையாக வரும். ஆனால் ஒரு முறை சாய்ந்தால் நுனி முறியும், சரியாகக் காயாவிட்டால் பூச்சி அரிக்கும். அலமாரியில் வைக்கும் டயோராமா என்ற காட்சி மாதிரிக்குச் சரி. ஆட்ட மேசைக்குக் கம்பிதான்; வளைந்தால் நிமிர்த்திக்கொள்ளலாம்.

அடியில் விட்ட 3 செ.மீ. கம்பிகளை ஐந்து வேராகப் பிரித்து விரியுங்கள். அதன் கீழே 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள அகல வாஷர். வாங்கும்போதே கையில் ஒரு காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. சாதாரண இரும்பு அல்லது துத்தநாகம் பூசியது வேண்டும். வேர்களை வாஷரின் மேல் எம்-சீல் வைத்து அழுத்துங்கள். குளூ கன் பசை அவசரத்துக்குப் பிடிக்கும், ஆனால் வழுவழுப்பான உலோகத்திலிருந்து சில வாரத்தில் ஒரே தகடாக உரிந்துவரும். எதுவாக இருந்தாலும் வாஷரின் மேல்முகத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். வாஷரின் அடிமுகத்தில் பசையோ பெயின்டோ படக்கூடாது. இரவு முழுக்க இறுக விடுங்கள்.

பட்டை

கட்டுக்கம்பியின் மேல் நேரடியாக ஃபெவிகாலும் பட்டியும் பூசினால் அதிலுள்ள தண்ணீரில் கம்பி துருப்பிடித்து, வெளிர்நிறத் தண்டில் செங்காவி கசியும். மழைக்காலத்தில் செய்தால் இன்னும் மோசம். அதனால் முதலில் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு பூச்சு, ஒரு நாள் காயட்டும். தண்டையும் பெரிய கிளைகளையும் மாஸ்க்கிங் டேப்பால் சுற்றிவிட்டால் பூச்சு பிடிக்க வசதி. அளவாக முறுக்கிய தண்டின் லேசான வரியும் மறையும்.

பூச்சுக்கு, டப்பாவில் பேஸ்டாகவே வரும் அக்ரிலிக் பட்டி 3 பங்கு, ஃபெவிகால் 1 பங்கு, கொஞ்சம் பழுப்பு எமல்ஷன். பதம் தோசை மாவு. வெள்ளை சிமென்ட் கலந்த பட்டிப் பவுடர் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைப் போட்டால், காய்ந்தபின் கல்லாகி, கிளை லேசாக வளைந்தவுடன் ஓடு ஓடாகக் கழன்று விழும். ஃபெவிகால்தான் வளைவுக்கு இடம் கொடுக்கிறது, அதைக் குறைக்காதீர்கள். இரண்டு மெல்லிய பூச்சு, இடையில் நான்கு மணி நேரம். ஒரே தடவையாகக் கனமாகப் பூசி வெயிலில் வைத்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து வெடிக்கும். வெடிப்பு கொஞ்சம் இருந்தால் பட்டைக்கு அழகுதான். கம்பி தெரிந்தால்தான் கவலை.

பழைய பிரஷ்ஷால் எப்போதும் அடியிலிருந்து மேலாக இழுங்கள், மயிர்க்கோடுகள் அப்படியே பட்டையாகும். பாதி காய்ந்த நிலையில் பல்குச்சியால் ஆங்காங்கே நீளவாக்கில் கீறினால் போதும். கிளை பிரியும் கவட்டில் பள்ளம் இருந்தால் ஃபெவிகாலில் நனைத்த டிஷ்யூ பேப்பரைத் திணித்து மூடுங்கள். பூச்சுக்குப் பிறகு தண்டு 7, 8 மி.மீ. இருக்கும்.

நிறத்தில் அநேகம் பேர் சறுக்குவது சாக்லேட் பழுப்பில். ஜன்னலுக்கு வெளியே இருக்கும் எந்த மரத்தை வேண்டுமானாலும் பாருங்கள், தண்டு பெரும்பாலும் சாம்பல் கலந்த நிறம்தான். கருஞ்சாம்பல் பழுப்பை அடியில் பூசி, காய்ந்ததும் வெளிர் சாம்பலில் பிரஷ்ஷைத் தொட்டு, பேப்பரில் துடைத்துவிட்டு மேலாக உரசுங்கள். இந்த ஒரே நிறம் ஐரோப்பாவுக்கும் பர்மாவுக்கும் வேற்றுக்கிரகத்துக்கும் செல்லும்.

இலை

இலைக்கு ஃபோம் தூள். குஷன் கடையில் வெட்டி ஒதுக்கிய ஃபோம் துண்டுகள் சும்மாவே கிடைக்கலாம். 30 × 30 × 2.5 செ.மீ. துண்டு ஒன்று பத்து மரத்துக்கு வரும். தெர்மோகோல் வேண்டாம். அது உருண்டை உருண்டையாக உதிரும், ஸ்பிரே பெயின்ட் பட்டால் கரையும்.

2 செ.மீ. கட்டிகளாக வெட்டி, பழைய மிக்ஸி ஜாரில் பாதி அளவு போட்டு, மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு ஐந்தாறு முறை சுற்றுங்கள். தண்ணீர் இல்லாமல் போட்டால் ஃபோம் பிளேடுக்கு மேலேயே துள்ளிக்கொண்டிருக்கும், வெட்டுப்படாது, மோட்டார்தான் சூடாகும். தொடர்ந்து ஓட்டினால் மாவாகிவிடும். அந்த ஜார் மறுபடி சமையலுக்கு ஆகாது, அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அரைத்ததைப் பிழிந்து காயவைத்து சல்லடையில் சலித்தால் மேலே தங்குவது 3 முதல் 5 மி.மீ. குறுணை. 28 மி.மீ. மரத்துக்கு அது. கீழே விழும் நொய், 15 மி.மீ. மரத்துக்கும் தரைக்கும்.

நிறமேற்ற பெயின்ட் கடையில் விற்கும் ஸ்டெயினர் பாட்டில்கள் போதும்: பச்சை, மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கறுப்பு. ஸ்டெயினரில் நிறம் மட்டும்தான் இருக்கிறது, பிடித்துவைக்கும் பசை இல்லை. ஃபெவிகால் சேர்க்காமல் விட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கை பச்சையாகும். 100 மி.லி. தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் ஃபெவிகால் கலந்து மூன்று கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் பச்சை 3 டீஸ்பூன், கறுப்பு 1, சியன்னா 1. இரண்டாவதில் பச்சை 3, மஞ்சள் காவி 1, சியன்னா அரை. மூன்றாவதில் பச்சை 2, மஞ்சள் காவி 2. பாட்டிலில் வரும் பச்சை எப்போதும் பளீரென்றுதான் இருக்கும். அதை அடக்குவது சியன்னாவும் காவியும்தான், வெள்ளை கலந்தால் மிட்டாய்ப் பச்சையாகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஃபோமைப் போட்டுப் பிசைந்து, ஒட்டப் பிழிந்து, செய்தித்தாளில் நிழலில் பரப்புங்கள். ஒன்றிரண்டு நாள் ஆகும், நடுவில் கிளறிவிடாவிட்டால் கட்டியாகும். ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவுசெய்யாதீர்கள், காய்ந்ததும் நன்றாகவே வெளுக்கும்.

இலையைத் தாங்க ஒரு வலை வேண்டும். தலையணைக்குள் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சைப் பிய்த்து, அந்தப் பக்கம் இருப்பது தெரியும் அளவுக்கு மெலிதாக்கி, 3, 4 செ.மீ. விரிப்புகளாகக் கிளை நுனிகளில் குத்திவிடுங்கள். கிளைக்கு ஒன்று என்று ஒரு மரத்துக்கு ஐந்தாறு. முழு மரத்தையும் ஒரே பந்தாக மூடினால் காலிஃபிளவர்தான் கிடைக்கும். கிளைக் கூட்டங்களுக்கு நடுவே வானம் தெரிய வேண்டும். பஞ்சு வெள்ளையாக இருந்தால் எந்த இலையைத் தூவினாலும் இடுக்கில் நரைத்த மாதிரித் தெரியும் என்பதால், குத்திய பிறகு கரும்பழுப்பு ஸ்பிரே ஒரு வீச்சு அவசியம்.

இனி ஒட்டுவது. ஃபெவிகாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து, இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் லிக்விட் விட்டு (இது இல்லாவிட்டால் பசை பஞ்சில் ஊறாமல் முத்து முத்தாக நிற்கும்), பிரஷ்ஷால் பஞ்சின் மேலும் கம்பி நுனிகளிலும் தடவுங்கள். ஒரு டிரேயின் மேல் மரத்தைத் தலைகீழாகப் பிடித்து அடிப்பக்கம் முழுக்க கருநிறத் தூளைத் தூவுங்கள். நிமிர்த்தி, மேலிருந்து நடுநிறம். உச்சிகளில் மட்டும், ஒரு சிட்டிகை வெளிர்நிறம். வெளிச்சம் மேலிருந்து விழுகிற தோற்றம் இதில்தான் வருகிறது. பெயின்டால் அதைக் கொண்டுவர முயன்றால் இலை ஒட்டிக்கொண்டு கட்டியாகும். டிரேயில் விழுந்த தூள் மூன்று நிறமும் கலந்திருக்கும். அதுவும் வீணில்லை, புதருக்கு அதைவிட நல்லது கிடையாது.

வாஷரில் கிளிப் மாட்டிக் கொடியில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். நேராக நிறுத்தினால் ஈரத்தின் கனத்தில் கிளைகள் சரிந்து, நீங்கள் அளந்து விட்ட 6 செ.மீ. இடைவெளி காணாமல் போகும். மறுநாள் தட்டிவிட்டு உதிர்வதையெல்லாம் உதிர விடுங்கள்.

இங்கேயே வேலை முடிந்தது என்று விட்டுவிடுவதால்தான் பெரும்பாலான வீட்டு மரங்கள் மொட்டையாகின்றன. முதல் ஒட்டு, பசையைத் தொட்ட தூளை மட்டுமே பிடித்திருக்கிறது; அதன் மேலே நிற்பது சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஃபெவிகால் 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு, லிக்விட் சில சொட்டு சேர்த்துத் துணியில் வடிகட்டி, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி, மரம் சொட்டும்வரை அடியுங்கள். தொங்கவிட்டுக் காயவைத்து மறுநாள் மறுபடியும் ஒருமுறை. காயும்போது நுனியில் சொட்டு நின்றால் பளபளவென்ற மணியாகிவிடும், பத்து நிமிடத்துக்குள் ஒரு உதறு உதறிவிடுங்கள். ஸ்பிரே பாட்டிலை உடனே வெந்நீரில் அடித்துக் கழுவாவிட்டால் அடுத்த தடவை மூக்கு அடைத்திருக்கும். இலை மினுங்கினால் மேட் வார்னிஷ் ஒரு பூச்சு. இரண்டாம் முறை ஊறிய மரத்தை உச்சியில் பிடித்துத் தூக்கலாம், தூள் கையோடு வராது.

ஊசியிலையும் தென்னையும்

ஊசியிலை மரம் இதில் பாதி வேலைகூட இல்லை. பாத்திரம் தேய்க்கும் பச்சை ஸ்கிரப்பரின் ஓரத்தில் பிளேடால் கீறி இழுத்தால் இரண்டு தாளாகப் பிரியும். கபாப் குத்தும் 3 மி.மீ. மூங்கில் குச்சி தண்டு, கூர்முனை மேலே. ஸ்கிரப்பர் தாளை 6 செ.மீ.யிலிருந்து 1.5 செ.மீ. வரை படிப்படியாகச் சிறுத்துவரும் 15 துண்டுகளாக வெட்டுங்கள். வட்டமாக அல்ல, ஓரத்தைப் பிய்த்து நட்சத்திரம் மாதிரி. பெரியது கீழே, ஒவ்வொன்றுக்கும் 6, 7 மி.மீ. இடைவெளி, குச்சியில் ஒரு சொட்டு பசை, ஒவ்வொரு அடுக்கையும் கொஞ்சம் திருப்பி. குச்சியின் அடி 6 செ.மீ.க்கு டேப் சுற்றிப் பருமனாக்கி மேலே சொன்ன பட்டை பூசுங்கள். ஸ்கிரப்பரின் நிறத்தை அப்படியே விட்டால் யாருக்கும் அது ஸ்கிரப்பர் என்று தெரிந்துவிடும். கரும்பச்சை ஸ்பிரே அடித்து, அடுக்குகளின் ஓரத்தில் மட்டும் பசை தொட்டு ஃபோம் நொய் தூவினால் அடையாளம் மாறிவிடும். 1944 டிசம்பர் ஆர்டென் சண்டை என்றால் அதே ஓரங்களில் வெள்ளை எமல்ஷனைத் தொட்டு உரசினாலே பனி.

தென்னைக்குத் தண்டு எளிது: 6 கம்பியை 20 செ.மீ.க்கு முறுக்கி லேசாகச் சாய்த்து, சணல் கயிற்றை நெருக்கமாகச் சுற்றுங்கள், அடி 4 செ.மீ.க்கு இரட்டைச் சுற்று. நீர்த்த ஃபெவிகால் தடவிக் காய்ந்ததும் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரித்தால் தண்டின் வளையங்கள் தானே கிடைத்துவிடும். மட்டைக்கு, இருபுறமும் பச்சை எமல்ஷன் பூசிக் காய்ந்த தடித்த தாளில் 7 செ.மீ. × 16 மி.மீ. துண்டு. நீளவாக்கில் மடித்து, நுனிப்பக்கம் சாய்வாக 2 மி.மீ.க்கு ஒரு வெட்டு, மடிப்புக்கு ஒரு மி.மீ. முன்பே நிறுத்திவிடுங்கள். மடிப்பில் செப்பு இழையை ஒட்டினால் மட்டை வளைத்த வளைவில் நிற்கும். ஈர்க்கைச் சீவி வைக்கலாமே என்று கை போகும். வளைவு நிற்காது, இரண்டாம் ஆட்டத்தில் முறியும். வெட்டுவதற்கு முன்பே இருபுறமும் பெயின்ட் வேண்டும் என்பதை விட்டுவிட்டால் ஈரக்காற்றில் தாள் தொய்ந்து மட்டை தொங்கிப்போகும். 11 மட்டை போதும்: மூன்று நிமிர்ந்து, நான்கு படுத்து, நான்கு தாழ்ந்து. தாழ்ந்ததில் ஒன்றிரண்டைப் பழுப்பாக்குங்கள். தென்னையைத் தினமும் பார்க்கும் கண்ணுக்கு அந்தக் காய்ந்த மட்டை இல்லாத மரம் மரமாகவே தெரியாது.

1941 டிசம்பரில் தொடங்கிய மலாயாப் போரை ஆடுபவர்களுக்கு இன்னொரு குறிப்பு. அங்கே சண்டை நடந்த இடங்களில் பல, நம்மவர்கள் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டங்கள். முதல் கிளையை 8 செ.மீ.க்கு ஏற்றி, தண்டை வெளிர் சாம்பலாக்கி, சாதாரண இலை மரங்களையே வரிசை பிடித்து நட்டால் அது தோட்டம். மரங்களைக் கலைத்து நட்டால் காடு. நார்மண்டி ஆப்பிள் தோப்புக்கும் இதே வரிசைதான், மரம் மட்டும் குட்டை.

தட்டு

3 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் 25 × 20 செ.மீ. அளவில் ஒழுங்கற்ற வடிவம். ஓரத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்காவிட்டால் மினியேச்சர் ஏறும்போது சாயும். இருபுறமும் பிரைமர் கட்டாயம். மேல்முகத்தில் மட்டும் பூசினால் ஈரத்தை ஒரு பக்கமே இழுத்துக்கொண்டு தட்டு அப்பளமாக வளைந்து நிற்கும். பெரும்பாலான விதிமுறைகளில் காடு என்பது இந்தத் தட்டின் எல்லைதான், மரங்கள் வெறும் அடையாளம். அதனால்தான் பட்டாளம் நுழைந்ததும் மரத்தை எடுத்துவிட்டு ஆடினாலும் எந்தத் தகராறும் வராது.

ஒரு தட்டில் நான்கு இடம். மரத்துக்கு மரம், மையத்திலிருந்து மையத்துக்கு 8 செ.மீ. குறையக் கூடாது. 40 மி.மீ. வாஷருக்கும் மினியேச்சர் நிற்கும் 32 மி.மீ. வட்ட பேஸுக்கும் சேர்த்து 72 வருகிறது, மிச்சம் விரலுக்கு.

காந்தம் வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வாஷருக்கு நடுவே ஓட்டை. காந்தத்தை நேர் மையத்தில் புதைத்தால் அதன் மேல் இரும்பே இருக்காது, மரம் பிடிக்காது. மையத்திலிருந்து 13 மி.மீ. தள்ளி, எதிரெதிராக இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் 6 × 2 மி.மீ. நியோடிமியம் காந்தம். மேல்முகம் பலகையோடு சமமாக இருக்கட்டும், அடியில் மிஞ்சும் பள்ளத்தை எம்-சீலால் அடையுங்கள். எதிரில் இருப்பது சாதாரண இரும்பு என்பதால் வடதுருவம் தென்துருவம் பார்க்க வேண்டியதில்லை, எப்படிப் போட்டாலும் பிடிக்கும். நியோடிமியம் காந்தங்களைச் சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் குடலுக்கு ஆபத்து.

காந்தம் இருக்கும் வட்டங்களின் மேல் பெயின்ட் மட்டும்; மணல் ஒட்டினால் பிடிப்பு பாதியாகும். மற்ற இடங்களில் ஃபெவிகால் தடவிச் சலித்த மணல், காய்ந்ததும் மண்பழுப்பு, மேலே வெளிர் உரசல், அங்கங்கே ஃபோம் நொய். சருகுக்குப் பயன்படுத்திய டீத்தூள் அருமையாக இருக்கும், ஆனால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துத் தட்டே நாறும். மரம் எடுத்த இடத்தில் தெரியும் வட்டத்துக்கு இருண்ட சருகு நிறம் கொடுத்தால் உறுத்தாது. வாஷரின் விளிம்பைப் பட்டி வைத்துச் சரித்து, தட்டின் அதே பழுப்பைப் பூசிவிடுங்கள். புல்லை அதிகம் போடாதீர்கள். பச்சைத் தட்டு பாலைவன விரிப்பின் மேல் ஒட்டாது, பழுப்புத் தட்டு எல்லா விரிப்புக்கும் ஒத்துப்போகும்.

கம்பிக்கூடு பன்னிரண்டு செய்தால் அதில் மூன்று நான்கை இலையே போடாமல் விடுங்கள். ரஷ்யக் குளிர்காலம், பேய் உலாவும் கல்லறை, முதல் உலகப்போர்ச் சதுப்பு எல்லாவற்றுக்கும் அவை போதும். 1916 ஜூலையில் பிரான்சின் டெல்வில் காட்டில் தொடங்கிய சண்டைக்குப் பின் பழைய மரங்களில் உயிரோடு மிஞ்சியது ஒரே ஒரு ஹார்ன்பீம் மரம். அந்த மேசைக்கு இலையுள்ள மரம் ஒன்று, உச்சியைக் குறடால் கோணலாக வெட்டிக் கறுப்புத் தடவிய மொட்டை மரங்கள் பல.

எடுத்துவைக்க, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஒட்டும் காந்தத் தாள் விரித்தால் மரங்கள் நின்றபடியே இருக்கும், ஒன்றோடொன்று உரசாது. வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம், ஃபோம் மஞ்சளித்துப் பொடியும். இலை உதிர்ந்த இடத்தில் சமக்கலவைப் பசையைத் தொட்டு, எடுத்துவைத்த கலப்புத் தூளைத் தூவி, காய்ந்ததும் 1:4 கலவையை ஒருமுறை அடித்தால் ஒட்டுப்போட்ட இடம் தெரியாது.